குடுமியான்மலையும் கிதாரும்

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, குடுமியான்மலை. அங்கே குன்றைக் குடைந்து அமைத்த குகைக் கோவில் ஒன்று உண்டு. அதன் பக்கத்துப் பாறையில் வரிவரியாக எழுத்துக்கள்!

அரசரின் வெற்றிச் செய்தியா? நிலதானக் கணக்கா? இரண்டும் இல்லை. அது இசைப் பாடம்!

கிரந்த எழுத்தில் வெட்டிய இந்தக் கல்வெட்டு, 7 அல்லது 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் கருத்து. உருத்திராசாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார் என்று அதிலேயே எழுதி இருக்கிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவர் என்கிறார்கள் சிலர். மறுப்பவர்களும் உண்டு.

இடம் மாறும் சுரங்கள்

பாடத்தில் ஏழு பகுதிகள். சுரங்களை நான்கு நான்காகக் கோர்த்து இருக்கிறார்கள். சுரங்களின் வரிசை மாறி மாறி வருகிறது. ஒரே சுரத்தில் முடிகிறவை ஒரு பிரிவு.

இன்று கிதார் கற்கும் பிள்ளைகளும் இப்படி ஒரு பாடம் படிக்கிறார்கள். அங்கே சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே சேர்ந்து ஒலிக்கும். அதற்குப் பெயர் 'கார்டு'.

சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. ச அடியில் நின்றால் மூல நிலை. க அடியில் நின்றால் முதல் திருப்பம். ப அடியில் நின்றால் இரண்டாம் திருப்பம். குடும்பம் ஒன்றுதான், தாங்குகிற ஆள்தான் வேறு.

வாசித்துப் பாருங்கள்

கிதாரில் 5-வது தந்தியை 3-வது மெட்டிலும், 4-வது தந்தியை 2-வது மெட்டிலும், 2-வது தந்தியை முதல் மெட்டிலும் அழுத்துங்கள். இது 'சி மேஜர்'.

5-வது தந்தியில் இருந்து கீழே மீட்டுங்கள்: ச அடியில் நிற்கும். தடித்த 6-வது தந்தியை அழுத்தாமல் அதையும் சேர்த்து மீட்டுங்கள்: க அடியில் வரும். அந்தத் தந்தியை 3-வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள்: ப வந்துவிடும்.

இதை வாத்தியார் வாசித்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும்.

குடுமியான்மலைப் பாடத்துக்கு அந்த வாத்தியார் இல்லை. அதில் ஒரே சுரம் ர, ரி, ரு, ரே என்று மாறி மாறி வருகிறது. ஏன் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

பாறை எழுத்தைக் காப்பாற்றிவிட்டது. விரல் பழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதைக் கற்றவர்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.