நிலவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள்

பிறைசூடிய இறைவனைப் போற்றும் பாடல்பெற்ற தலம், விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர். அதற்குச் சில கல் தொலைவில், விழுப்புரத்தில், இரயில்வே ஊழியரின் மகனாக வளர்ந்தவர் ப. வீரமுத்துவேல். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் அவரே. அக்காட்சியை நாடே கண்டு மகிழ்ந்தது. அதற்கு நான்காண்டுகள் முன்பிருந்தே நிலவைச் சுற்றிவரும் மற்றொரு கலம், கண்ணுக்குப் புலப்படாத எலக்ட்ரான்களைக் கணக்கிட்டு வந்ததைப் பலர் அறியார்.

கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களைத் தாக்கி எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. புவியின் அயனி மண்டலம் இவ்வாறு தோன்றியதே. இரவில் மத்திய அலை வானொலியில் தொலைநாட்டு நிலையங்கள் கேட்பதும் அதனால்தான். நிலவிலோ வளிமண்டலம் இல்லை என்றே கூறலாம். அங்குப் பிறக்கும் சில எலக்ட்ரான்களையும் சூரியக்காற்று அடித்துச் சென்றுவிடும். எனவே, 1970களில் சோவியத்து நாட்டின் லூனா-19, லூனா-22 கலங்கள் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் எலக்ட்ரான்கள் என்ற அளவைத் தெரிவித்தபோது, அது ஐயத்துடனேயே நோக்கப்பட்டது.

2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் செப்டம்பர் 7 அன்று தொடர்பை இழந்தது. ஆயினும், அதன் சுற்றுக்கலம் ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் பழுதின்றி இயங்கியது. அது 2240, 8496 மெகாஹெர்ட்சு என்னும் இரு அதிர்வெண்களில் வானொலி அலைகளை ஒருங்கே அனுப்பவல்லது. கலம் நிலவின் பின்னே மறையும் வேளையில், அவ்வலைகள் நிலவின் விளிம்பை உரசியபடி பெங்களூருக்கு அருகிலுள்ள பயலாலு நிலையத்தை அடைகின்றன. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் அலையின் கட்டத்தை மாற்றுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணில் அம்மாற்றம் மிகுதி. கலத்தின் வேகத்தால் விளையும் மாற்றமோ இரண்டிலும் ஒரே விகிதத்தில் அமையும். ஆகவே, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் எஞ்சுவது எலக்ட்ரான்களின் விளைவு மட்டுமே. சேற்றுவழியில் செல்லும் இரு வண்டிகளுள் ஒன்று மிகுதியாகத் தடுமாறுவதைக் கொண்டு சேற்றின் ஆழத்தை மதிப்பிடுவது போன்றது இது. புவியின் அயனி மண்டலமும் இடைப்படுவதால், அதன் பங்கையும் கழித்தாக வேண்டும். உண்மையில், கடினமான பணி அதுவே.

2022இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. கதிரவன் ஒளிபடாத நிழற்பகுதியில் எலக்ட்ரான்கள் குறைவாக இருக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால், அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் அளவில் இருந்தன. பகற்பகுதியைவிடப் பத்து மடங்கிற்கும் மேல். ஆர்கான், நியான் அயனிகள் பிற அயனிகளைக் காட்டிலும் நெடுநேரம் நிலைத்திருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

பின்னர், சந்திரயான்-3இன் விக்ரம் கலம் ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் பொருத்திய 5 சென்டிமீட்டர் உலோகக் கோளத்தால் தரையருகே நேரடியாக அளந்தது. அங்குக் கிடைத்த அளவு 380 முதல் 600 வரை.

முழுநிலவை ஒட்டிய ஏறத்தாழ நான்கு நாள்கள், நிலவு புவிகாந்தப் புலத்தின் நீண்ட வாலுக்குள் புகுந்து செல்கிறது. அப்போது சூரியக்காற்று அதனை நேரடியாகத் தாக்குவதில்லை. அந்நாள்களில் சந்திரயான்-2 கண்ட அளவு ஏறத்தாழ 23,000. நிலவின் மேலோட்டில் எஞ்சியுள்ள காந்தப்புலங்கள் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைத்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.