எண்பது மணி நேரக் கோடை

கோடை விடுமுறையைச் சுமார் 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கினால் மொத்த வரவு 80 மணி. நிதானமாக வாசிக்கிறவர் மணிக்கு 40 பக்கம் போவார். ஆக, கையிருப்பு 3,200 பக்கம். விடுமுறைக்கான புத்தகப் பட்டியல் போடுகிறவர்கள் விலையைப் பார்த்துப் போடுகிறார்கள். மணிக்கணக்கைப் பார்த்துப் போட்டால் பட்டியல் வேறு மாதிரி வரும்.

எடுத்துக்காட்டுக்கு, எல்லோரும் ஒவ்வொரு மே மாதமும் ‘இந்தத் தடவை முடித்துவிடுகிறேன்’ என்று சபதம் போடும் கல்கியின் சோழர் கால நாவல் ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகம். அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91, கூட்டினால் 293. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கி இதழில் வந்தது. கிட்டத்தட்ட 185 வாரம். வாரத்துக்குச் சராசரி ஒன்றரை அத்தியாயத்துக்குக் கொஞ்சம் மேல். அதையே 40 நாளில் முடிக்க நினைத்தால் தினம் 7 அத்தியாயம் தாண்ட வேண்டும்; அன்றைய வாசகர் போன வேகத்தைப் போல 30 மடங்குக்கும் மேல். பாதியில் நின்றுபோனவர்கள் சோம்பேறிகள் இல்லை.

பதிப்பைப் பொறுத்துப் பக்கம் மாறும். 2,200 என்று கொண்டால் வாசிக்க 55 மணி. நம் 80 மணியில் மீதி 25. ஒரே கதைக்கு இவ்வளவு கொடுக்க மனம் வராவிட்டால் அதைக் கண்ணிலிருந்து எடுத்துக் காதுக்கு மாற்றுவதுதான் வழி. இந்த நாவலை உரக்க வாசித்த பதிவுகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. பாம்பே கண்ணன் நாடகக் குரல்களோடு ஒலிப்புத்தகமாகவே தயாரித்தார். அத்தியாயத்துக்கு 15 நிமிடம் என்று போட்டால் 293க்கு 73 மணி 15 நிமிடம். ஒரு நாளைக்கு 1 மணி 50 நிமிடம். சமையல், துணி மடிப்பு, மாலை நடை, பேருந்து எல்லாம் சேர்ந்தால் அந்த நேரம் தானாகவே வந்துவிடும். வாசிப்புக்கு வைத்த 80 மணியிலிருந்து ஒரு நிமிடமும் போகாது.

டேட்டா எவ்வளவு போகும்? ஒலிக்கோப்பு 64 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தால் மணிக்கு 28.8 எம்பி. முழு நாவலும் சுமார் 2.1 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி தரும் திட்டத்தில் ஒன்றரை நாள் பங்கு, அவ்வளவுதான். ஆனால் தமிழில் நல்ல கதைசொல்லல் பலவும் யூடியூபில் கிடக்கிறது. பவா செல்லதுரையின் ‘கதை கேட்க வாங்க’ நிகழ்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குரலே போதும், முகம் தேவையில்லை. என்றாலும் வீடியோவாக ஓடும்போது குறைந்த தரத்திலேயே மணிக்கு ஏறத்தாழ 300 எம்பி செலவாகும். பத்து மடங்கு! வீட்டில் வைஃபை இருக்கும்போது இறக்கிவைத்துக்கொண்டு கேட்பது நல்லது. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ பாட்காஸ்ட் ஒலியாகவே கிடைக்கிறது. பெரிய நாவலில் இறங்குமுன் காதைப் பழக்க அதிலிருந்து சில சிறுகதைகள் போதும்.

இனி அந்த 80 மணி. சின்னப் புத்தகங்களுக்குத்தான் என் ஓட்டு. சி. சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் கதை ‘வாடிவாசல்’ (1959) நூறு பக்கம்கூட வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தால் காபி நேரத்துக்குள் மாடு பிடிபட்டுவிடும். அதோடு சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976), அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977). நாலும் சேர்ந்து உத்தேசமாக 750 பக்கம். 19 மணி நேரம். பக்கத்துக்கு 1.25 ரூபாய் என்று போட்டால் 940 ரூபாய் அளவில் வரும்; பத்து சதவீதக் கழிவு கிடைத்தால் 850க்குள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது கொசுறு. அதே புத்தகத்தின் மின்னூலுக்கு 5 சதவீதம் உண்டு. வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானிய நூல் தமிழிலும் இருக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் நீங்களே வாசித்துக் காட்டலாம், நடுவில் கேள்வி கேட்பார்கள், அதற்கும் நேரம் வையுங்கள்.

இந்த 850 ரூபாயும் மிச்சமாகலாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வரி கட்டுகிறவர் 300 ரூபாயைக் கிளை நூலகத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். வாடகைக்குக் குடியிருப்பவர் வாடகை வழியாகக் கொடுத்திருப்பார். கட்டிய பணத்துக்குப் போய் நாலு புத்தகம் எடுக்க எவருக்கும் தோன்றுவதில்லை. கல்கியின் எழுத்துகளோ 1990களின் இறுதியிலேயே நாட்டுடைமை ஆனவை. 1998இல் தொடங்கிய இணைய நூலகமான மதுரைத் திட்டத்தின் மின்னூலுக்குக் காசே இல்லை.

ஆங்கிலம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமித் வர்மாவின் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ பாட்காஸ்ட் அருமையான உரையாடல்தான், ஆனால் ஒரே பகுதி நாலு, ஐந்து மணி ஓடுவது சகஜம். அந்த நேரத்தில் சோழர் கதையின் 16 அத்தியாயம் அடங்கிவிடும். அனிருத் கனிசெட்டியின் ‘எக்கோஸ் ஆஃப் இந்தியா’ பொருத்தமான துணை. கனிசெட்டி, 2025இல் வெளியான சோழர் வரலாற்று நூலை எழுதியவர். நாவல் எங்கே கற்பனையைக் கலக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் அவரிடமிருந்து பதில் தேடலாம்.

கடைசிக் கணக்கு. தினம் 7 அத்தியாயத்துக்குச் சற்று மேல் கேட்டால் நாலாம் பாகம் முடிவது 28ஆம் நாள். மிச்சம் 91 அத்தியாயம், 12 நாள். மே பத்தாம் தேதிக்கு மேல் தொடங்குகிறவர்கள் ஜூனில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் நாவலின் சோழ இளவரசர் அருள்மொழியோடுதான் நிற்பார்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் ஐந்தாம் பாகம், நோட்டுகளுக்குப் பழுப்பு அட்டை போடும் வாரத்தில் வந்து விழும். அட்டை போடும்போது காது சும்மாதானே இருக்கிறது.