'நியாயமானது' என்றால் எவ்வளவு?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்துப் பாருங்கள். படிவம் ஐந்து மாணவர்களில் பாதிப் பேர் "அரசாங்கம் அதிக நிதி ஒதுக்க வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். தப்பு இல்லை. ஆனால், நிதி ஒதுக்கியும் பிள்ளைக்குச் சிகிச்சை குறைந்து போகுமா? போகும். ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம்.

அங்கே 2013இல் தேசிய உடற்குறைக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. இன்று 6 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை ஒதுக்கப்படும். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றோருக்கான கட்டணம் அதிலிருந்துதான் போகும். மணிக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பும் உண்டு.

எதற்குப் பணம் கிடைக்கும்? 'நியாயமானதும் தேவையானதுமான' உதவிக்கு என்கிறது சட்டம். நம் மாணவர் இப்படி எழுதினால், "எவ்வளவு? யார் கணக்கில்?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்போம், இல்லையா? சட்டம் அப்படியே விட்டுவிடவில்லை. செலவுக்கேற்ற பயன் வேண்டும், பலன் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அளவுகோல் சொல்கிறது. 2024 அக்டோபரில், எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்று பட்டியலும் வந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, அதற்கு எந்த மாதிரிச் சான்று போதும் என்பதை ஓர் அதிகாரிதான் எடைபோட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல். சான்று என்பது சிகிச்சையாளர் எழுதும் அறிக்கை. அதை எழுதும் நேரத்துக்கும் பிள்ளையின் தொகையிலிருந்தே கட்டணம் எடுக்கலாம். 2025இல் ஆக்குபேஷனல் தெரபிக்கு மணிக்கு 193.99 டாலர் உச்சவரம்பு. ஐந்து மணி நேரம் எழுதினால் ஏறக்குறைய 970 டாலர். அறிக்கை போதாது என்று ஒருமுறை திரும்பி வந்தால் என்ன ஆகும்? பிள்ளை பயிற்சி பெற வேண்டிய நேரம் தாளில் கரைந்துவிடும். சிகிச்சையாளர் அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்காமல் விட்டால் நட்டம் அவருக்கு.

அடுத்தது பயணம். 2025 ஜூலை 1 முதல், சிகிச்சையாளர் வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு மணிக்கட்டணத்தில் பாதிதான் கேட்கலாம். அரை மணிப் பயணத்துக்கு 97 டாலர் கேட்டவர், அன்று முதல் 48.50 டாலர்தான் கேட்க முடிந்தது. இயன்முறை மருத்துவருக்கோ மணிக்கட்டணமே 183.99 டாலராகக் குறைந்தது. இந்த அறிவிப்பு வெளியானது ஜூனில்தான். சின்ன நிலையம் நடத்துகிறவர் சில வாரங்களில் கணக்கை எப்படி மாற்றுவார்? தூரத்து வீடுகளை விட்டுவிடலாமா என்றுதான் முதலில் யோசிப்பார். அந்த வீட்டில் இருக்கும் பிள்ளை?

பொதுப்பணம் வீணாகக் கூடாது என்ற கவலை அரசுக்கு இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. செலவைக் குறைக்கட்டும். ஆனால் எந்தச் சான்று போதும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். மறுத்தால் எந்த அளவுகோல் நிறைவேறவில்லை என்று சொல்லலாம். கட்டணம் மாறினால் ஆறு மாத அவகாசமாவது தரலாம். இதில் எதற்கும் கூடுதல் நிதி பெரிதாகத் தேவைப்படாது.

ஆகவே மாணவர்களே, அடுத்த கட்டுரையில் 'நிதி' என்று எழுதிய கையோடு, அதை எந்த விதியின்படி யார் கொடுப்பார், மறுத்தால் என்ன காரணம் சொல்வார் என்றும் இரண்டு வாக்கியம் எழுதுங்க. ஆசிரியர்களே, அந்த இரண்டு வாக்கியத்தைத் தேடித் திருத்துங்க.