பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். இங்கிலாந்தின் வடபுலத்திலே, நோதம்பர்லாந்தைச் சேர்ந்த ஹெக்ஸம் என்னும் சிற்றூரில், டைன் நதிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலே சாய்ந்து நின்றேன். என்னைப் போலவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நின்றனர். கைக்குழந்தையுடன் ஒரு தாய், பாடசாலைப் பையைத் தோளில் மாட்டிய இரு சிறுவர், நாயுடன் உலாவ வந்த ஒரு கிழவர். எவரும் பேசவில்லை. எல்லோருடைய கண்களும், பாலத்துக்குக் கீழே நதியை மறித்துக் கிடக்கும் அணையின் நுரைமீதே பதிந்திருந்தன. திடீரென அந்த நுரையைப் பிளந்துகொண்டு முழங்கையிலும் நீளமான ஒரு மீன் மேலெழுந்தது. அந்தரத்தில் ஒரு கணம் உடலை முறுக்கிற்று. அணையின் சரிவிலே மோதி மீண்டும் நுரைக்குள் வீழ்ந்தது. பாலத்தில் நின்றோர் எல்லோரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டனர். சிறிது நேரத்தில் இன்னொன்று எழுந்தது. அதுவும் வீழ்ந்தது.

அதுதான் சல்மன். தகரத்தில் அடைத்து விற்கும் மீனையெல்லாம் 'செமன்' என்றே அழைத்துப் பழகிவிட்டோம் நாம். அந்தத் தகரத்தினுள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன். உண்மையான சல்மனை உயிருடன் நான் கண்டது அன்றுதான்.

நதியென ஒன்று இல்லாத குடாநாட்டிலே பிறந்தவன் நான். மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு அறியேன். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், நியூகாசில் நகரத்தில் வாழும் மகளோடு சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுக்காரர் எனக்கு நண்பரானார். எழுபத்தைந்து வயதானவர். கப்பல் கட்டும் தளமொன்றிலே இருபது ஆண்டுகள் உழைத்தவர். நான் ஆசிரியன் என்று அறிந்த நாள் முதல், பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும் 'ஆசிரியரே' என்றுதான் அழைப்பார். "மீன்பிடி காலம் முடிய இன்னும் மூன்று நாள்களே உள்ளன, ஆசிரியரே. நதியில் இறங்கி நின்று பார்க்காமல் ஊருக்குப் போய் நதியைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அனுமதிப்பத்திரம் பெற்று, மார்பு வரை ஏறும் றப்பர் உடையை இரவல் வாங்கி அணிந்துகொண்டு, அவர் பின்னே சென்றேன்.

டைன் நதிக்குத் தாய்க் கிளைகள் இரண்டு. வடகிளை ஸ்கொட்லாந்து எல்லையை அடுத்த மேட்டுநிலத்திலே பிறக்கிறது. தென்கிளை அல்ஸ்டன் என்னும் ஊரைச் சூழ்ந்த தரிசு மலைகளிலே பிறக்கிறது. ஹெக்ஸத்துக்குச் சற்று மேலே இரண்டும் கூடுகின்றன. ஊறி உக்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு நிலங்களைக் கழுவி வருவதால், மழைக்குப் பின் நீர் வெறுந்தேநீரின் நிறங்கொண்டிருக்கும். நாங்கள் சென்றது அந்தக் கூடலுக்கு அண்மையான ஒரு மடுவுக்கு. முதல் நாள் பெய்த மழையின் வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. அதுவே உகந்த வேளை என்றார் நண்பர். வெள்ளம் ஏறும்போது மீன் பயணஞ் செய்யும். வடியும்போது மடுவிலே தங்கி இளைப்பாறும்.

சல்மனின் வாழ்வை அறியாதவனுக்கு இந்த மீன்பிடியின் விந்தை விளங்காது. நதியின் தலைப்பாகத்துப் பரற்கற்களுக்கிடையே பனிக்காலத்தில் இடப்படும் முட்டை, இளவேனிலிற் குஞ்சாகிறது. ஓரிரண்டு ஆண்டுகள், சில வேளை மூன்றாண்டுகள், அங்கேயே வளர்கிறது. பின்னர் ஓர் இளவேனிலில் உடல் வெள்ளி நிறம் பூண்டு, உப்புநீரைத் தாங்கும் பக்குவமும் பெற்று, கடலை நோக்கிப் புறப்படுகிறது. கிரீன்லாந்துக் கடல் வரையும் செல்வன உண்டு. ஓராண்டோ பல ஆண்டுகளோ கடலில் உண்டு கொழுத்தபின், தான் பிறந்த அதே நதியை நீரின் மணத்தால் இனங்கண்டு திரும்புகிறது. திரும்பி நன்னீரிலே புகுந்ததும் உணவை அடியோடு விட்டுவிடுகிறது. வயிறு சுருங்கிவிடுகிறது. கடலிற் சேர்த்த கொழுப்பே மாதக்கணக்கில் அதற்குக் கட்டுச்சோறு. முட்டையிட்டபின் பெரும்பாலானவை இறந்துபோகும். சிலவே மீண்டுங் கடலைக் காண்பன.

ஆகவே, நாங்கள் தூண்டிலிட்டது பசியில்லாத மீனுக்கு! உண்ணாத மீன் ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது? இளமையிலே நதிப்பூச்சிகளைப் பிடித்த ஞாபகம் என்பர் சிலர். தன் இடத்துக்குள் அத்துமீறி வந்ததென்னும் சினம் என்பர் வேறு சிலர். ஆராய்ச்சியாளர் இன்றுவரை ஒருமுகமான முடிவுக்கு வரவில்லை.

கவ்வச் செய்யும் அந்தப் பொருளை 'ஈ' என்று அழைக்கின்றனர். அது ஈயுமன்று, எந்தப் பூச்சியுமன்று. தூண்டில் முள்ளிலே இறகும் மயிரும் பளபளக்கும் இழையும் வைத்து நூலாற் கட்டிய அணிகலம். நண்பர் தமது தகரப் பெட்டியைத் திறந்து, செம்மஞ்சள் நிறமான ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் இரு பக்கங்களிலும் மெழுகு பூசியது போன்ற மஞ்சட் புள்ளியுடன் சிறு இறகுகள் இருந்தன. மீனுக்கு அது ஒரு கண்ணாகத் தோன்றுமாம். "இது உங்கள் பக்கத்துப் பறவை" என்றார். அவர் சொன்னது முற்றிலும் பொய்யன்று. தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகு அது. நமது இலங்கைக் காட்டுக்கோழி வேறினம். அதற்கு அந்தப் புள்ளிகள் இல்லை.

விக்டோரியா மகாராணியின் காலத்திலே இந்த ஈ கட்டும் கலை ஒரு வெறியாகவே வளர்ந்தது. சீனத்துப் பொன்வண்ணக் கோழி, இந்தியாவின் மயில், தென்னமெரிக்காவின் பஞ்சவர்ணக்கிளி என்று உலகின் பறவைகளெல்லாம் ஒரு முள்ளிலே வந்து கூடின. ஜோர்ஜ் கெல்சன் என்பவர் 1895இல் இதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த வெறி இன்னும் அவியவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. 2009இல் டிரிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையிலே புகுந்த ஓர் இளைஞன், ஈ கட்டுவோருக்கு விற்பதற்காக 299 பறவைத் தோல்களைக் களவாடிச் சென்றான். அந்தச் சாம்பல் நிறக் காட்டுச்சேவலுக்கு இப்பொழுது அந்த ஆபத்து குறைவு. பிரித்தானியாவிலே பண்ணைகளில் வளர்க்கப்படும் சேவல்களின் இறகே பயன்படுகிறது. வேடிக்கை என்னவெனில், இத்தனை அலங்காரமும் மீனுக்கு வேண்டியதில்லையாம். நாய் மயிரிலே கட்டிய கறுப்பு ஈயிலும் தாம் மீன் பிடித்ததுண்டு என்றார் நண்பர்.

ஆங்கிலேயர் மீன்பிடியை இலக்கியமாக்கியவர்கள். ஐசக் வோல்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. சல்மனை நன்னீர் மீன்களின் அரசனென அவர் போற்றினார். ஈ கொண்டு மீன் பிடிக்கும் பகுதியை 1676இலே சேர்த்தவர் அவருடைய நண்பர் சார்ள்ஸ் கொட்டன். நம் காலத்துக்கு அண்மையில், கவிஞர் டெட் ஹியூஸ் 1983இல் வெளியிட்ட 'நதி' என்னும் தொகுதியிலே சல்மன் திரும்பத் திரும்ப வருகிறது. டைன் கரையிலேயே பிறந்த மரச்செதுக்கோவியர் தோமஸ் பியூக், தம் பறவை நூல்களின் பக்க இறுதியில் எஞ்சிய வெற்றிடங்களிலே தூண்டிற்காரரைச் செதுக்கி வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சித்திரங்களை விரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இடுப்பளவு நீரில் நின்றபோது அவை எவையும் எனக்கு உதவவில்லை.

கோலின் நீளம் 14 அடி. இரு கைகளாலும் பிடிக்கவேண்டும். பின்னாலே மரங்கள் நெருங்கி நிற்பதால் நூலைப் பின்னோக்கி வீச இடமில்லை. ஆகவே நீர்மேலேயே நூலை ஒரு வளையமாக எழுப்பி, அதன் பாரத்தைக் கொண்டே முன்னோக்கி எறியும் முறை ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் ஸ்பே நதியிலே பிறந்து அதன் பெயரையே பெற்ற முறை. எதிர்க்கரையை நோக்கிச் சாய்வாக எறிந்தால், நீரோட்டம் ஈயை ஒரு பிறை வடிவிலே நம் கரைக்கு இழுத்து வரும். இரண்டு அடி கீழே நகர்ந்து மீண்டும் எறிதல். மடுவின் தலையிலிருந்து வால் வரையும் இதுவே. என் நூல் முதல் நாள் முழுவதும் என் தொப்பியையே பிடித்தது. இரண்டாம் நாள் இலையைப் பிடித்தது. இலையுதிர் காலத்தில் நதி முழுவதும் பொன்னும் செம்புமாக இலைகள் மிதந்து வரும்; பாடுவோர் பாடலாம், தூண்டிற்காரனுக்கு அது பெருந்தொல்லை.

மதியம் கரையிலே அமர்ந்து தேநீர் அருந்தியபோது, நண்பர் வேறொரு நதியைப் பற்றிச் சொன்னார். அது இதே நதிதான்.

"1959இல் எனக்குப் பத்து வயது. கீழே, எங்கள் வீட்டுப் பக்கம், நதி கறுப்பாக ஓடும். கோடையில் சன்னல் திறக்க முடியாது." அந்த ஆண்டிலே டைன் நதியில் தூண்டிலிற் சிக்கிய சல்மன் என ஒன்றுகூடப் பதிவாகவில்லை. மேலே, நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலே, நீர் அன்றும் தெளிந்தே ஓடியது. கேடு கடல்வாயில் இருந்தது. நகரத்தின் கழிவெல்லாம் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களால் சுத்திகரிக்கப்படாமலே நதியில் விழுந்தது. ஆலைக் கழிவும் அதனோடு கலந்தது. கோடையிலே கழிமுகத்து நீரில் பிராணவாயு அற்றுப்போகும். கடலுக்குப் போகும் குஞ்சும் கடலிலிருந்து வரும் தாயும் அந்தச் சில மைல் நீரைக் கடக்க முடியாமல் மாண்டன. வாசலை அடைத்தபின் வீடு எத்தனை சுத்தமாயிருந்து என்ன பயன்?

1970களிலும் 80களிலும் இரு கரை நெடுகிலும் பெருங்குழாய்கள் பதித்து, கழிவையெல்லாம் திரட்டி, ஹவ்டன் என்னுமிடத்திலே சுத்திகரிக்கும் ஏற்பாடு நிறைவேறியது. வடகிளையின் தலைப்பிலே கீல்டர் நீர்த்தேக்கம் எழுந்து, 1982இல் திறந்துவைக்கப்பட்டது. அதனால் முட்டையிடும் பரற்படுகைகள் நீரில் மூழ்கியமையால், இழப்பை ஈடுசெய்ய ஒரு மீன்குஞ்சு நிலையம் அமைக்கப்பட்டது. மீன் திரும்பியது. இங்கிலாந்தின் தலைசிறந்த சல்மன் நதி என்னும் பெயரும் டைனுக்கு வந்தது.

"ஆனால் ஒன்றை எவரும் சொல்வதில்லை" என்றார் நண்பர். "குழாய் மட்டும் நதியைச் சுத்தமாக்கவில்லை. ஆலைகள் மூடின. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடின. கப்பல் தளங்கள் மூடின. என் வேலை போனதும் மீன் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். வேலையற்ற முதல் இலையுதிர் காலத்தில்தான் நான் தூண்டில் பிடிக்கக் கற்றேன்." அவர் குரலில் கசப்பு இருந்ததா என்று என்னால் அறிய முடியவில்லை. தேநீரின் அடிமண்டியைப் புல்லில் ஊற்றினார்.

மூன்று நாளாக என் மனதிலிருந்ததை அப்போது கேட்டேன். "தின்பதற்காக மீன் பிடிப்பது எனக்கு விளங்குகிறது. பிடித்து விடுவதற்காகப் பிடிப்பது விளங்கவில்லை. பட்டினியோடு, வயிற்றிலே முட்டையோடு, கடல் கடந்து வருகிற ஒரு தாயை வழிமறிப்பது நியாயமா?"

"நியாயமில்லை" என்றார் உடனே. பின்னர், "ஆனால் நதி நாறியபோது நகரம் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தது. மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் தூண்டிற்காரர்" என்றார்.

"பாலத்தில் நின்ற தாயும் பிள்ளைகளும் தூண்டில் இல்லாமலே பார்த்தனரே?"

"மழையில் நிற்பார்களா?"

இது பாதி விடைதான். மறுபாதி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இங்கிலாந்திலே பிடிபடும் சல்மன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இன்று உயிரோடு விடப்படுகின்றன. ஜூன் 16க்கு முன் பிடிப்பவற்றைக் கட்டாயம் விடவேண்டுமென்பது சட்டம். அப்படியிருந்தும் தொகை குறைகிறது. 2023 டிசெம்பரில் வெளியான சர்வதேசச் செம்பட்டியல், பிரித்தானியாவின் சல்மனை அழியும் ஆபத்துக்குள்ளான இனமென வகுத்தது. கடலுக்குப் போகும் குஞ்சுகளிலே திரும்பி வருவன முன்னையிலும் மிகக் குறைவு. கழிமுகத்து வாசலைத் திறந்தாயிற்று; சூடேறும் கடலுக்குக் குழாய் பதிக்க எவரால் இயலும்?

ஒக்டோபர் 31, கடைசி நாள். பிற்பகல் மூன்று மணிக்கு, என் நூல் பிறைவடிவிலே திரும்பி வருகையில், யாரோ அடியிலிருந்து மெல்லப் பற்றியது போன்று நின்றது. இதற்காக ஓர் உபதேசம் எனக்கு முன்பே தரப்பட்டிருந்தது. மீன் பற்றியதும் கோலை உயர்த்தலாகாது. 'மன்னரைக் கடவுள் காப்பாராக' என்று மனத்துட் சொல்லி முடித்தபின்பே உயர்த்தவேண்டும். அதற்குள் மீன் திரும்பி, முள் வாயோரத்திலே பதியும். 2022 வரை 'அரசியாரை' என்று சொன்னார்களாம், நேரம் ஒன்றுதான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோலை உயர்த்திவிட்டேன். நீரின் கீழே செம்மை கலந்த ஒரு பக்கம் புரண்டது, நூல் தளர்ந்தது.

கை அவசரப்பட்டதா, மனம் வேண்டுமென்றே கையைத் தூண்டியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நண்பர் கேட்டபோது, கை என்றே சொன்னேன்.

ஒரு மணி நேரத்தின் பின், மடுவின் வாலிலே, அவருக்கு ஒன்று சிக்கியது. பத்து நிமிடங்கள் ஓடியது, ஆழ்ந்தது, நின்றது. வலைக்குள் வந்தபோது பார்த்தேன்: பெண்மீன், வயிறு நிறைந்து, செப்புப் பாத்திரம் போல் மங்கிய நிறம், ஏறக்குறைய பத்து இறாத்தல். அவர் அதை நீரைவிட்டு வெளியே எடுக்கவில்லை. முள்ளை விரலாற் கழற்றினார். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வால்மூட்டை ஒரு கையாலும் நெஞ்சை மறு கையாலும் தாங்கி, குனிந்தபடியே நின்றார். அவருடைய முழங்கால்கள் நடுங்கின. அந்த வயதிலே, அந்தக் குளிரிலே, இரண்டு நிமிடம் மிக நீண்டது. பின்பு வால் ஒருமுறை அசைந்தது. கை வெறுமையாயிற்று.

அனுமதிப்பத்திரம் பெற்ற ஒவ்வொருவரும் தாம் பிடித்ததற்குக் கணக்கு அனுப்பவேண்டும். ஒன்றும் பிடியாதவரும் பூச்சியமென்று எழுதியே ஆகவேண்டும். வண்டியிலே அமர்ந்து நண்பர் தமது கொப்பியில் நாளையும் நிறையையும் ஈயின் பெயரையும் குறித்துக்கொண்டு, பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் பூச்சியமிட்டேன்.

திரும்பும் வழியில் ஹெக்ஸம் பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன். இருட்டிவிட்டது, பாலத்தில் எவருமில்லை. அணையும் தெரியவில்லை. கனமான ஏதோவொன்று எழுந்து நீரில் வீழும் ஓசை மட்டும் இரண்டு முறை கேட்டது. மூன்றாம் முறை கேட்கவில்லை. ஏறிவிட்டது போலும் என்றார் நண்பர்.