கம்மாபுரத்து இழுப்பு: அன்றும் இன்றும்

கம்மாபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி இருமலும் இழுப்புமாக ஒருவர் விருத்தாசலம் போய் ரத்தம் கொடுத்தால், "ஈஸ்னோபில் கூடியிருக்கு" என்று பதில் வரும். கையில் ஹெட்ரசான் மாத்திரை, மூன்று வாரத்துக்கு. படுக்க முடியாமல், முழங்காலில் கையை ஊன்றித் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர், சில நாளில் படுத்துத் தூங்கிவிடுவார்.

அது குருட்டு வைத்தியம் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும், காசநோய்போல் தோன்றும், ஈஸ்னோபில் கூடிய வேறொரு நெஞ்சு நோயை 1940-இல் பதிவு செய்தார்கள். யானைக்கால் புழுவுக்கு எதிராக உடம்பு மூர்க்கமாகச் சண்டை போடுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. கொசுவும் யானைக்காலும் இருந்த நம் மாவட்டத்தில் அந்த மாத்திரை பலரைக் காப்பாற்றியது.

ஆனால் ஆஸ்துமாவிலும் ஈஸ்னோபில் என்ற இந்த வெள்ளை அணு கூடும். அந்த ஒற்றை எண்ணை நம்பி, இன்ஹேலர் கிடைக்க வேண்டியவர்களும் வருஷக்கணக்கில் அதே மாத்திரையை விழுங்கினார்கள். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

பலரின் ஆஸ்துமாவுக்குப் பின்னால் இருக்கும் அலர்ஜியைப் புரிந்துகொண்ட கதை வேறு. 1921-இல் பிரவுஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சகா கூஸ்ட்னரின் ரத்தத் தெளிநீரைத் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, தடித்து வீங்கியது. அலர்ஜி ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க 40 வருஷத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே கண்டது 1968-இல் ஐஜிஇ என்று பெயர் பெற்றது.

இன்று அந்த ஐஜிஇ சாதாரண லேப் ரிப்போர்ட்டிலேயே வருகிறது. செல்களைப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. முன்பு இயோசின் சாயம் ஏறி இளஞ்சிவப்பாக மின்னும் மணிகளை வைத்துத்தான் ஈஸ்னோபிலை அடையாளம் கண்டார்கள். இப்போது பெரிய ஆய்வுக்கூடங்களில், செல்லின் மேல் இருக்கும் புரதங்களுக்கு சிடி4, சிடி8 என்று எண்ணிட்டு, அவற்றை வைத்து செல்களைப் பிரிக்கிறார்கள். சிடி4 செல்களில் ஒரு வகை அனுப்பும் சமிக்ஞைப் பொருள்களில் ஐஎல்-4 ஐஜிஇயைக் கூட்டுகிறது. ஐஎல்-5 ஈஸ்னோபிலைக் கூட்டுகிறது. ஐஜிஇயையே பிடித்துக்கட்டும் ஓமலிசுமாப் ஊசி 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதன் விலை எட்டாது.

எண்கள் கூடினாலும் பழைய ஆபத்து போகவில்லை. குடல் புழு இருந்தாலும் ஐஜிஇ ஏறும். ரிப்போர்ட்டில் ஆயிரம் என்று பார்த்ததும் ஆஸ்துமா என்று முத்திரை குத்தக் கூடாது. விறகுப் புகையோ சுரங்கத்துப் புழுதியோ ஐஜிஇயைத் தொடாமலே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அப்படிப்பட்டவருக்கு "ரத்தம் நார்மல்" என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

எந்த வேலை, எப்போது இழுக்கிறது, வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்க வேண்டும். பிறகு ஸ்பைரோமெட்ரி: குழாயில் ஒருமுறை பலமாக ஊதி, இன்ஹேலர் எடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதிப் பார்ப்பது. முதல் ஊதலைவிட இரண்டாவது நன்றாகத் தேறினால் ஆஸ்துமாவுக்கு அது வலுவான சாட்சி. ரத்தம் கொடுக்கும் அன்றே இதையும் கேட்டு வாங்குங்கள்.