மறையூர் வெல்லம் பார்க்கப் போகலாமா?

'சிப்காட்டுக்குப் போனது போக, 60 சென்ட் நிலம் மிச்சம் இருக்கிறது. கரும்பு போட்டு மறையூர் மாதிரி வெல்லம் காய்ச்சினால் கட்டுமா? அந்த ஊருக்கு எப்படிப் போவது?' என்று வல்லம் வடகாலில் இருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிலத்தில் பணத்தைப் போடுவதற்கு முன்னால், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

மறையூர், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். உயரம் சுமார் 1,000 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. இயற்கையான சந்தனக் காட்டுக்குப் பெயர் போனது. அங்கே ஓடும் பாம்பாறு கிழக்கே இறங்கி, நம் அமராவதி அணைக்குத்தான் வருகிறது. ஊரில் தமிழ் பேசுவோர் நிறைய. பேச்சுக்குச் சிரமம் இல்லை.

போகும் வழி

சென்னை சென்ட்ரலில் இருந்து பாலக்காடு விரைவு ரயில் திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் போகிறது. உடுமலையில் இறங்கினால், மூணாறு போகும் பேருந்து மறையூர் வழியாகத்தான் செல்லும். தூரம் 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னாறு சரணாலயத்தையும் கடக்கிறது. ஒருமுறை விவசாயிகள் குழுவை அழைத்துப் போனபோது, உடுமலையில் சாப்பிட்டு, அரட்டை அடித்து நேரத்தை விட்டேன். காட்டின் எல்லைக்குப் போவதற்குள் இருட்டிவிட்டது. திரும்பி வந்து உடுமலையிலேயே தங்கினோம். தவறு என்னுடையது. நீங்கள் காலையிலேயே கிளம்புங்கள். வழியில் யானை நின்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரனும் அடிக்காதீர்கள்.

ஊருக்குள்

ஆட்டோவும் ஜீப்பும் கிடைக்கும். ஏறும் முன்பே வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். முதல் நாள் கரும்புத் தோட்டங்களுக்குள் இருக்கும் வெல்லக் கொட்டகைகளைப் பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்; கொதிக்கும் கொப்பரைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். சாறு பிழிவது, அழுக்கு எடுப்பது, பாகுப் பதம் பார்ப்பது, சூட்டோடு கையால் உருண்டை பிடிப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். பிழிந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள். நிறத்துக்காக ரசாயனம் சேர்க்காததால் வெல்லம் அடர் பழுப்பாக இருக்கும்.

மறுநாள் காந்தளூர் போகலாம். மறையூரைவிட உயரமான ஊர். பூண்டு, கேரட், ஆப்பிள் விளைகிறது. வழியில் பாறை மேல் பழங்காலக் கல் முனியறைகளும் உண்டு.

திரும்பி வந்து போடும் கணக்கு

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே நம் ஊரில் காய்ச்சியதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. அந்த மண்ணும் குளிரும் நம்மிடம் இல்லை. செய்முறையின் சுத்தத்தை மட்டும் கொண்டுவரலாம்.

ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால், 60 சென்டில் 24 டன் கரும்பு. டன்னுக்குச் சுமார் 100 கிலோ வெல்லம் என்றால், மொத்தம் 2,400 கிலோ. இவ்வளவுக்காகச் சொந்தமாக ஆலையும் கொப்பரையும் வாங்கினால் முதல் முடங்கும். நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். கரும்புக்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும். கோடையில் உங்கள் கிணறு தாங்குமா என்று பாருங்கள். வெட்டுக்கூலிக்கு ஆள் கிடைப்பதும் தொழிற்சாலைப் பகுதியில் கடினம்.

எனவே முதல் வருடம் நடவே வேண்டாம். சர்க்கரை ஆலைக்குப் பதிவு செய்யாத கரும்பு ஒரு டன் வாங்கி, பக்கத்தில் வெல்லம் காய்ச்சுபவரிடம் கூலிக்குக் காய்ச்சிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டு விற்றுப் பாருங்கள். சந்தைக்கு நீங்கள் அலைய வேண்டாம். 2024-ல் உங்கள் ஊரிலேயே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டிருக்கிறது. அந்த 100 கிலோ எத்தனை நாளில், என்ன விலைக்குத் தீர்கிறது என்று எழுதி வையுங்கள். 60 சென்டில் கரும்பா, காய்கறியா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம். மிச்சமிருக்கும் நிலத்தை அதுவரை யாருக்கும் பேசி முடித்துவிடாதீர்கள்.