மரமேறுவோர் கயிறும் அதைச் சீராக்கும் முறையும்

பனையும் தென்னையும் கொங்கு நாட்டுக் குடியானவருக்குத் தரும் பயனை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளிலும், காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடுகளிலும் அப்பயனை இறக்கித் தருகிறவர் மரமேறுகிறவரே. பதநீர்க் காலத்தில் ஒருவர் 20 பனைகளைக் காலையும் மாலையும் ஏறுவாரானால், நாளொன்றுக்கு 40 முறை தம் உயிரைச் சில முழக் கயிற்றிடம் ஒப்புவிக்கிறார். கருப்பட்டி விலையைப் பேசாத சங்கக் கூட்டம் இல்லை. அக்கயிற்றைப் பேசிய கூட்டமோ அரிது.

காலில் மாட்டுவது தளை. பாதங்கள் இரண்டும் மரத்தின் இருபுறமும் அழுந்தும்போது அது விறைப்பாக நிற்கவேண்டும். நீளம் மிகுந்தால் பாதங்கள் அகன்று வழுக்கும். குறைந்தால் மரத்தில் பிடிப்பு இராது, கணுக்காலும் புண்படும். தகப்பன் தளையை மகன் மாட்டிக்கொள்வது சிக்கனமன்று.

இடுப்புக் கயிறு முதுகையும் மரத்தையும் சுற்றி வருவது. பின்னால் சாய்ந்தால் முழங்கை சற்று மடங்கிய நிலையில் கைகள் மரத்தை எட்டவேண்டும். அதுவே தக்க அளவு. ஆனால் மரம் அடியில் பருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதால், தரையில் சரியாயிருந்த அளவு உச்சியில் தளர்ந்துவிடும். ஆகையால், அவிழ்க்காமலே குறுக்கிக்கொள்ளத் தக்க அமைப்புள்ள கயிறே மேலானது. மட்டை முதலிய தடையைத் தாண்டுவதற்காக அவிழ்க்க நேர்ந்தால், முன்னதாகவே துணைக்கயிறு ஒன்றை மாட்டிக்கொள்ளவேண்டும். எக்கயிறாயினும் முதலில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் முழுப் பாரத்தையும் சாய்த்துப் பரீட்சித்த பின்னரே ஏறுவது நலம்.

கயிற்றின் மேற்புறம் கண்டு ஏமாறலாகாது. புரிகளைச் சற்றே பிரித்து உட்புறம் பார்க்கவேண்டும். நார் பொடியாக உதிர்ந்தாலும், கறுத்து ஊறிய நாற்றம் வீசினாலும் அது ஏறுவதற்கு உதவாது. நைலான் கயிறு மழையில் மக்குவதில்லை என்பது மெய். எனினும் நாள்பட்ட வெயில் அதன் பலத்தைக் குறைக்கும், விரைந்து உரசினால் சூட்டில் உருகவும் கூடும். எல்லாக் கயிறுகளும் முடிச்சு விழுந்த இடத்தில் பலம் குறைந்தவை. அறுந்ததை முடிந்து ஏறுவது வழக்கமாயிருக்கிறது, அவ்வழக்கம் ஒழியவேண்டும்.

தென்னைக்கு இப்பொழுது ஏறு கருவிகள் வந்துள்ளன. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தில் பலர் அவற்றில் பயிற்சி பெற்றனர். இவ்வகைக் கருவியொன்றில் இரும்புச் சட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றின் கம்பிக் கயிறும் மரத்தை வளைத்து நிற்கும். ஒரு காலின் பாரம் ஒன்றை இறுக்கிப் பிடிக்க, மற்றதை உயர்த்தி ஏறவேண்டும். கம்பியில் ஓர் இழை அறுந்திருப்பினும் மாற்றுதல் அவசியம். கருவி காலைத் தாங்குமேயன்றி உடலைத் தாங்காது. ஆதலால் இடைவார் தனியே வேண்டும். மழையில் நனைந்த மரத்தில் எதுவும் நம்பத்தக்கதன்று.

நல்ல வாரும் கயிறும் தனியொருவருக்குப் பாரமான செலவாகலாம். சங்கம் மொத்தமாக வாங்கி, தவணையில் கொடுத்து, வாங்கிய தேதியையும் பரிசோதித்த தேதியையும் ஒரு புத்தகத்தில் பதிந்து வரலாம். கழித்த கயிற்றை அப்போதே துண்டுதுண்டாக வெட்டிவிடவேண்டும். முழுதாக விட்டால் அது மாடு கட்டப் போய், ஓர் அவசர நாளில் மீண்டும் மரத்துக்கு வந்துவிடும்.